அரையாண்டு ஆங்கிலத் தேர்வு: கைடா, பாடநூலா, பழைய வினாத்தாளா?

நவம்பர் கடைசியில், மழை சற்றே விட்டிருந்த ஒரு காலையில், பள்ளி வாசலில் மகனோடு காத்திருந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "டீச்சர், இவனுக்கு இங்கிலீஷுக்கு எந்த கைடு வாங்கட்டும்?" பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறவர்கள் ஆண்டுதோறும் அந்த வாரத்தில் கேட்டுப் பழகிய கேள்விதான் இது. அரையாண்டுக்கு மூன்று வாரம் மிச்சமிருக்கும். காலாண்டு மதிப்பெண் வீட்டில் ஒரு சண்டையை மூட்டி அடங்கியிருக்கும். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு கடைசியில் கடைவீதியில் போய் முடியும். கைடு வாங்குவது என்று அந்தத் தாய் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார், எது என்பது மட்டுமே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் பதில் சொல்லாமல், பையனிடம் காலாண்டு விடைத்தாளைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று வாரத்தை எதில் செலவிடுவது என்பதை அந்தத் தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்பது என் அனுபவம். ஏன் என்பதை விளக்க, வினாத்தாளைக் கொஞ்சம் பிரித்துக் காட்ட வேண்டும்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 2019-20 கல்வியாண்டு முதல் ஒரே தாளாக இருக்கிறது. 3 மணி நேரம், 47 வினாக்கள், 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. அரையாண்டுத் தாளும் பொதுத்தேர்வுத் தாளின் அச்சிலேயே வரும். இந்த 100 மதிப்பெண்ணை நான் எப்போதும் இரண்டு கணக்காகப் பிரித்து எழுதிவைப்பேன். முதல் கணக்கு, பாடத்தைத் தெரிந்திருந்தால் மட்டும் கிடைப்பது: பாடத்திலுள்ள சொற்களுக்கு ஒத்த பொருளும் எதிர்ப்பொருளும் 6, உரைநடையிலும் செய்யுளிலும் இரண்டு மதிப்பெண் வினாக்கள் 12, அவற்றிலிருந்தே வரும் ஐந்து மதிப்பெண் வினாக்கள் 20, துணைப்பாடத்திலிருந்து ஓர் ஐந்து மதிப்பெண் வினா, மனப்பாடச் செய்யுள் 5, குறிப்புகளைக் கொண்டு துணைப்பாடக் கதையை விரித்தெழுதுவது 8. ஆக 56. இரண்டாவது கணக்கு, எந்தப் பாடத்தையும் திறக்காதவர்கூட மொழி கொஞ்சம் கைவந்திருந்தால் எழுதக்கூடியது: பன்மை, முன்னொட்டு, சுருக்கக் குறியீடு, காலம், இணைப்புச்சொல் போன்ற ஒரு மதிப்பெண் வினாக்கள் 8, இலக்கணம் 6, வரைபடம் பார்த்து வழிசொல்வது 2, விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படம் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல், பிழை கண்டுபிடித்தல் என்ற ஆறில் ஏதேனும் நான்குக்கு 20, முன்பின் பார்த்திராத பத்தியையோ செய்யுளையோ படித்து விடையளிப்பது 8. ஆக 44.

தேர்ச்சிக்கு வேண்டியது 35. பாடத்தையே தொடாத இரண்டாம் கணக்கு மட்டும் 44 இருக்கிறது. இதை வகுப்பில் கரும்பலகையில் கூட்டிக் காட்டும்போது கடைசி வரிசையில் எப்போதும் ஒரு சலசலப்பு எழும். இத்தனை நாள் மனப்பாடம் செய்து திணறியது வீண்தானா என்ற சந்தேகம் அந்தச் சலசலப்பில் இருக்கும். முழுக்க வீணில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு நேரம் என்ற அளவு தவறியிருக்கிறது.

கைடை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பெரும்பாலான வீடுகளில் இருப்பது அதுதான். அதன் நல்ல பக்கத்தை மறைக்கக் கூடாது. தானாக ஒரு வாக்கியம் அமைக்கவே தயங்கும் பிள்ளைக்கு, அச்சில் தயாராக இருக்கும் விடை ஒரு பிடிமானம். ஒத்த பொருள், எதிர்ப்பொருள், இரண்டு மதிப்பெண் விடைகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால் நேரமும் மிச்சமாகும். சிக்கல் பெரிய விடைகளில்தான் தொடங்குகிறது. உரைநடை 7, செய்யுள் 7. பாடத்துக்கு ஒரு பத்தி, பத்திக்குப் பத்து வரி என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 140 வரி ஆகிறது. அந்த 140 வரியையும் ஒப்பிக்கத் தெரிந்தாலும் அதற்குக் கிடைக்கக்கூடியது அந்த 20 மதிப்பெண்தான். மறுபுறம் விளம்பரம், அறிவிப்பு, கடிதம் ஆகிய மூன்றின் அமைப்பையும் மூன்று மாலைகளில் கைக்குக் கொண்டுவந்துவிடலாம். அவை 15 மதிப்பெண்.

மனப்பாடம் எங்கே உடைகிறது என்பதை விடைத்தாள் திருத்துகிறவர்கள் அறிவார்கள். முதல் நான்கு வரி அப்பழுக்கில்லாமல் வரும். ஐந்தாவது வரியில் ஒரு சொல் மறந்துபோகும். அந்தச் சொல் இல்லாமல் அடுத்த வரி வராது என்பதால், பிள்ளை அங்கேயே நின்றுவிடும், அல்லது அதேபோல் தொடங்கும் வேறொரு பாடத்தின் வரிக்குத் தாவிவிடும். கடலில் தொடங்கிய விடை வீட்டு மாடியில் முடிந்த தாள்களை நான் திருத்தியிருக்கிறேன்.

மனப்பாடச் செய்யுளில் நடப்பது இன்னும் வேதனையானது. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி செய்யுள் முழுவதையும் தடங்கலின்றி ஒப்பிப்பாள். எழுதச் சொன்னால் மூன்று வரியைத் தாண்டமாட்டாள். ஒருநாள் அவளுடைய கைடைப் புரட்டியபோது காரணம் விளங்கியது. ஆங்கில வரி ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் தமிழ் எழுத்தில் அதே வரியை எழுதி வைத்திருந்தாள். அவள் கண் படித்தது பென்சில் வரியை மட்டுமே. காதுக்கும் வாய்க்கும் செய்யுள் தெரிந்திருந்தது, கைக்கு ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டும் தெரியவில்லை. இந்தப் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உச்சரிப்புக்காக முதல் நாள் அப்படி எழுதிக்கொள்வதில் குற்றமில்லை. இரண்டாம் நாளே அந்தப் பென்சில் வரிகளை அழித்துவிட்டு, நாளுக்கு நான்கு வரியாகப் பார்க்காமல் எழுதிப் பழக வேண்டும். மனப்பாடம் செய்தே தீர வேண்டிய இடம் இந்தத் தாளில் இந்த 5 மதிப்பெண் ஒன்றுதான் என்பதால், அதற்குள்ள உழைப்பை அதற்குக் கொடுப்பதே முறை.

இரண்டாவது வழி, பாடநூலையே முதல் வரியிலிருந்து வாசிப்பது. ஆசிரியர்களாகிய நாங்கள் எல்லாரும் பரிந்துரைப்பது, பிள்ளைகள் மிகக் குறைவாகச் செய்வது. இதன் பயன் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். இந்தியக் கடற்படையின் தாரிணி என்ற பாய்மரக் கப்பலில் பெண் அதிகாரிகள் ஆறு பேர் உலகைச் சுற்றி வந்தது பாடமாக இருக்கிறது. 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவில் புறப்பட்டு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், கேப் டவுன் வழியாக 254 நாளில், 2018 மே 21 அன்று கோவாவுக்கே திரும்பிய பயணம் அது. உலக வரைபடத்தில் இந்த வழியை விரலால் ஒருமுறை தொட்டுக்காட்டிய பிள்ளைக்கு, வினா எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சொல்வதற்கு ஐந்து செய்தி இருக்கும். ஐந்து செய்தியை ஐந்து சிறிய வாக்கியமாக எழுதினாலே பாதிக்கு மேல் மதிப்பெண் வந்துவிடும். கைடின் பத்தியை மட்டும் ஒப்பித்தவனுக்கு அந்தப் பத்திக்குரிய வினா வந்தால் மட்டுமே விடை உண்டு.

ஆனால் நேரக் கணக்கைப் பார்த்தால் இந்த வழி இடிக்கிறது. ஒரு பாடத்தை அகராதியோடு உட்கார்ந்து பொருள் தெரிந்து வாசிக்க இரண்டு மாலையாவது வேண்டும். கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் அதே மாலைகளைக் கேட்கின்றன. மூன்று வாரத்தில் உரைநடை முழுவதையும் இப்படிப் படித்துவிடலாம் என்று சொல்வது பிள்ளையை ஏமாற்றுவதாகும். ஜூனில் தொடங்கியிருந்தால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. டிசம்பரில் இதை முழுமையாகக் கடைப்பிடிக்க முடியாது. ஆகவே நான் இதில் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்துச் சொல்வேன். துணைப்பாடக் கதைகள் ஏழையும் வாசித்துவிடுங்கள். அவை கதைகள், ஓட்டமாக வாசிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை போதும். அவற்றிலிருந்து வரும் 13 மதிப்பெண்ணுக்கு மனப்பாடமே வேண்டாம். 8 மதிப்பெண் வினாவில் கதைக்கான குறிப்புகளை வினாத்தாளே கொடுத்துவிடுகிறது, கதை தெரிந்தவன் குறிப்புகளை வாக்கியமாக்கிக் கோத்தால் போதும்.

இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது, இதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. பிள்ளை கதையைப் படித்தானா என்று தெரிந்துகொள்ள வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, "புயல் கதையில அந்தத் தீவுக்கு யார் யாரெல்லாம் வந்தாங்க, தமிழ்லயே சொல்லு பார்க்கலாம்" என்று பாட்டி கேட்டால் போதும். துணைப்பாடத்திலுள்ள 'தி டெம்பெஸ்ட்' என்ற அந்தப் புயல் கதையில் வரும் ஷேக்ஸ்பியரின் பிராஸ்பெரோவும் மிராண்டாவும் எங்கள் ஊர்த் திண்ணைக்கு வந்து போவது அந்தப் பிள்ளையின் நினைவில் கதையை நிறுத்திவிடுகிறது. தமிழில் கோவையாகச் சொல்ல முடிந்த கதையை ஆங்கிலத்தில் உடைத்து உடைத்தாவது எழுதிவிட முடியும். தமிழிலேயே தடுமாறினால் கதை இன்னும் உள்ளே போகவில்லை என்று பொருள்.

மூன்றாவது வழி, பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்ப்பது. என் சார்பு இதன் பக்கம்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பணம் செலவில்லை, முந்தைய பொதுத்தேர்வுத் தாள்களும் காலாண்டுத் தாளும் பள்ளியிலேயே கிடைக்கும். எழுதுவது என்றால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுத்தாளை எழுதுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வார நாளில் அது நடக்காது. ஒரு நாள் கடிதமும் அறிவிப்பும், மறுநாள் பிழை கண்டுபிடித்தலும் வரைபடமும், அடுத்த நாள் படிக்காத பத்தி ஒன்று என்று நாற்பது நிமிடத் துண்டுகளாக வெட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதலாம்.

அமைப்புக்கு மதிப்பெண் உண்டு என்பது எழுதிப் பார்த்தால்தான் உறைக்கும். கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், விளிப்பு, பொருள், முடிப்பு, கையொப்பம், இடம், தேதி, உறைமேல் முகவரி என்று ஒவ்வொன்றும் இடம் மாறாமல் இருக்க வேண்டும். நல்ல ஆங்கிலத்தில் கடிதத்தின் உடலை எழுதிவிட்டு உறைமேல் முகவரியை விட்ட பிள்ளை மதிப்பெண் இழப்பதும், உடலில் நான்கே வாக்கியம் எழுதி அமைப்பை முழுமையாகப் போட்ட பிள்ளை அவனைவிட அதிகம் வாங்குவதும் சாதாரணமாக நடக்கிறது. வரைபட வினாவுக்கு நேராகப் போ, முதல் வலப்பக்கத் திருப்பத்தில் திரும்பு, உன் இடப்பக்கத்தில் இருக்கும் என்பன போன்ற நான்கு ஆங்கிலத் தொடர்கள் போதும். தன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வழிசொல்லி ஒருமுறை எழுதியவனுக்கு அந்த 2 மதிப்பெண் ஆயுளுக்கும் சொந்தம்.

பிழை கண்டுபிடிக்கும் வினாவில் எழுதிப் பார்ப்பதன் பயன் இன்னும் ஆழமானது. நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பெரும்பாதி தமிழிலிருந்து வருபவை. 'அவர் எனக்கு சீனியர்' என்ற பொருளில் எழுதும்போது 'சீனியர் டு' என்றுதான் வர வேண்டும். ஆனால் 'என்னைவிட மூத்தவர்' என்று பழகிய நாக்கு, 'விட' என்றதும் 'தேன்' (than) என்ற ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதிலுள்ள 'பற்றி', 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் வேண்டாத ஓர் 'அபௌட்'டை ஒட்டிவிடும். 'பையன்களில் ஒருவன்' என்பதில் ஒருமையும் பன்மையும் தமிழில் குழப்பம் தருவதில்லை; ஆங்கிலத்தில் 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்று பன்மை போட்டுவிட்டு வினையை ஒருமையில் முடிக்க வேண்டும் என்பது கைக்குப் பழகியாக வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள 'ஏ', 'ஆன்', 'தி' மூன்றுக்கும் நேர் இணை தமிழில் இல்லாததால் அவை விடுபட்டது கண்ணிலேயே படாது. பிழைகளுக்கென்று தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, இடப்பக்கத்தில் தான் எழுதியதையும் வலப்பக்கத்தில் திருத்தத்தையும் எழுதி வருகிற பிள்ளை, மூன்றாவது தாளிலேயே ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவதைத் தானே கண்டுபிடித்துவிடும்.

இந்த வழிக்கும் ஒரு பெரிய குறை உண்டு. திருத்த ஆள் வேண்டும். திருத்தாமல் பத்துத் தாள் எழுதினால் பத்து முறை அதே பிழையைப் பழகியதாகத்தான் ஆகும். ஆங்கிலம் தெரிந்த அக்காவோ அண்ணனோ வீட்டில் இல்லாதபோது, ஆசிரியரிடம் நாளுக்கு ஒரு பக்கம் காட்டுவதே நடைமுறைக்கு உகந்தது. நாற்பது பேர் வகுப்பில் எல்லாருடைய முழுத்தாளையும் வாரந்தோறும் திருத்துவது எந்த ஆசிரியராலும் ஆகாது. ஒரு பக்கம் என்றால் இடைவேளையில் பார்த்துவிடுவோம். மற்றொன்று, முதல் தாள் பிள்ளையின் மனத்தை உடைத்துவிடக்கூடும். காலாண்டில் 25 வாங்கியவனை எடுத்த எடுப்பில் முழுத்தாளின் முன் உட்கார வைப்பது தண்டனை.

டியூஷனைப் பற்றி நீட்டிப் பேச எதுவுமில்லை. அங்கே பிள்ளையின் நோட்டு திருத்தப்படுகிறதா என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். திருத்தப்படுகிறது என்றால் மூன்றாம் வழியின் குறையை அது தீர்த்துவிடுகிறது. முப்பது பேரை உட்கார வைத்துப் பள்ளியில் நடத்தியதையே மறுபடி நடத்துவதென்றால், பள்ளி முடிந்து களைத்த பிள்ளையின் இரண்டு மணி நேரத்தைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. கைப்பேசிக் காணொளிகளும், 2019 முதல் ஒளிபரப்பாகும் கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் கதையைப் புரியவைக்கவும் உச்சரிப்புக்கும் நன்றாகவே உதவுகின்றன. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை சும்மா இருக்கிறது, தேர்வோ கையால் எழுதுவது. டிசம்பர் மழையில் மின்சாரம் போனால் அதுவும் இல்லை.

இனி யாருக்கு எது என்று பார்க்கலாம். காலாண்டில் 35-ஐத் தொடாதவர் முதல் இரண்டு வாரத்தை 44 மதிப்பெண் கணக்கிலேயே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடவே துணைப்பாடக் கதைகளும் ஒரு மனப்பாடச் செய்யுளும் போதும், பெரிய பத்திகளின் பக்கம் திரும்ப வேண்டாம். 40-க்கும் 70-க்கும் இடையில் நிற்பவர்தான் தீர்மானிக்கச் சிரமப்படுவார், ஏனெனில் அவர் எல்லாவற்றிலும் பாதி வாங்கியிருப்பார். அவர் விடைத்தாளை இரண்டு கணக்காகப் பிரித்து, எந்தக் கணக்கில் இழப்பு அதிகமோ அதற்கு மூன்றில் இரண்டு பங்கு நேரம் கொடுக்கலாம். கைடு வைத்திருந்தால், பத்தியை மூடிவைத்துவிட்டு அதிலுள்ள செய்திகளை ஐந்து குறிப்பாகச் சுருக்கி, அந்தக் குறிப்பிலிருந்து தன் சொற்களில் எழுதிப் பார்க்கலாம். அப்படிப் பயன்படுத்தும்போது கைடு நல்ல பொருள்தான். 80-க்கு மேல் வாங்குபவருக்குக் கைடு இடையூறு. அவர் இழப்பது எழுத்துக்கூட்டிலும் நிறுத்தக்குறியிலும் செய்யுள் வரிகளின் நயத்தை விளக்கும் இடத்திலும்தான், அதற்குப் பாடநூலும் ஞாயிற்றுக்கிழமை முழுத்தாளும் தவிர வேறு மருந்து இல்லை.

வாசலில் நின்ற அந்தப் பையனின் காலாண்டு விடைத்தாளுக்கு வருகிறேன். மொத்தம் 31. பாடக் கணக்கில் 22 வாங்கியிருந்தான், அதுவே எத்தனை இரவு ஒப்பித்ததன் பலன் என்று அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மொழிக் கணக்கில் 9. கடிதம், அறிவிப்பு, விளம்பரம் எல்லாம் உள்ள பகுதியில் நான்கு எழுத வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுதியிருந்தான். மீதி மூன்றையும் "நேரம் இல்லை டீச்சர்" என்று விட்டிருந்தான். அந்த நேரம் எங்கே போனது என்று புரட்டினால், உரைநடைப் பத்தி ஒன்றில் நடுவரி நினைவுக்கு வராமல் இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாவது முறை முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருந்தான்.

தாயிடம் இந்தக் கணக்கைக் காட்டி, கைடுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் இரண்டையும் வாங்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையருக்கு எழுதிய கடிதத்தோடு பையன் ஆசிரியர் அறை வாசலில் நின்றான். உறைமேல் முகவரியை ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு அழகாக எழுதியிருந்தான். தேதியை மட்டும் காணோம். அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், இடைவேளைக்குள் எழுதிக்கொண்டு வந்துவிட்டான்.